கள் ஊற்றிப் பிசைந்த ரொட்டி

சிராங்கூன் ரோட்டில் மனிதர்களைவிட மாடுகளுக்கு மதிப்பு அதிகமாக இருந்த காலம் அது. டன்லப் ஸ்ட்ரீட்டுக்குப் பின்னால், ஒரு ரிக்‌ஷா நுழைந்தால் இன்னொன்று நுழைய முடியாத சந்தில், அப்துல் முத்தலிப்பின் ரொட்டி அடுப்பு இருந்தது. சாணி வாடையையும் மீறி அவருடைய ரொட்டி மணம் தெருமுனை வரைக்கும் வரும். அந்த மணத்தின் பின்னால் ஒரு நல்ல மனுஷன் தம் நிம்மதியைத் தொலைத்த கதை இருக்கிறது. தொலைத்ததற்கு அவரேதான் காரணம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

முத்தலிப் நாகூர்க்காரர். நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய கப்பலில் சமையல்கட்டில் வேலை பார்த்தவர். கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வாந்தி எடுத்த நேரம் போக மிச்ச நேரத்தில் ரொட்டி போடக் கற்றுக்கொண்டார். ஒருநாள் சிங்கப்பூரில் இறங்கியவர் திரும்பக் கப்பல் ஏறவில்லை. மனைவி நஃபீசா ஊரில் இருந்தாள். வருஷத்துக்கு ஒரு தடவை பணமும் துணியும் போகும். பதிலுக்கு, எப்போது வருகிறீர்கள் என்று கேள்வி வரும். அடுப்பை யாரிடம் விட்டுவிட்டு வருவது என்று இவர் சொல்லி அனுப்புவார். ஊரில் பாதிப்பேர் பிழைப்பு அப்படித்தான் இருந்தது, அதனால் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

கோதுமை மாவையும் தண்ணீரையும் பிசைந்து நேரே அடுப்பில் வைத்தால் வறண்ட தட்டைதான் கிடைக்கும். ரொட்டி வேண்டுமென்றால் மாவுக்குள் யாராவது புகுந்து மூச்சு விட வேண்டும். அந்த வட்டாரத்து ரொட்டிக்காரர்களுக்கு அந்த வேலையைச் செய்து கொடுத்தது தென்னங்கள். காத்தோங் தோப்புகளில் மரம் ஏறும் தங்கராஜு தினமும் ஒரு பானை கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். விடிகிற நேரத்தில் மரத்திலிருந்து இறங்கும்போது அது வெறும் இனிப்புத் தண்ணீர். வெயில் ஏற ஏற நுரைக்கும், மத்தியானம் நாக்கைக் கடிக்கும், பொழுது சாய்ந்தால் ஆளைத் தள்ளும். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு கூட்டம் இருக்கிறது. அது இனிப்பைத் தின்றுவிட்டு ஒரு பக்கம் சாராயத்தையும் இன்னொரு பக்கம் காற்றையும் விடுகிறது. மாவில் ஊற்றினாலும் அதே வேலையைத்தான் பார்க்கும். பிசைந்த மாவு காற்றை வெளியே விடாமல் பிடித்துக்கொள்வதால் பொம்மென்று உப்பும். முத்தலிப்புக்கு இந்த விவரமெல்லாம் தெரியாது. கள்ளுக்கு உயிர் இருக்கு என்று மட்டும் சொல்வார், அது சரியாகவும் இருந்தது.

அவர் ஒரு சொட்டு வாயில் வைத்தவர் இல்லை. ஐந்து வேளையும் தொழுகிறவர். கள்ளை மாவில் ஊற்றும்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வார். பிசைந்து முடித்ததும் தோல் சிவக்கிற வரைக்கும் கையைத் தேய்த்துக் கழுவுவார். கப்பலில் கற்றுக்கொடுத்தவன் சொன்ன ஒரு வார்த்தை அவருக்குத் துணையாக இருந்தது: நெருப்பு எல்லாத்தையும் சாப்பிட்டுடும். அடுப்பில் பாக்காவ் என்கிற சதுப்புநில மரத்து விறகு தகதகவென்று எரியும்போது அந்த வார்த்தையை நம்புவது சுலபம். பள்ளிவாசலில் தொழுகை வரிசையில், ஸஃபில், நிற்கும்போதுதான் கொஞ்சம் கஷ்டம்.

பங்களா துரைமார்களுக்குப் போகிற ரொட்டியைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. ஆனால் பள்ளிக்கு வருகிற நம்ம ஆட்களும் வாங்கினார்கள். பனைமரத்தடியில் நின்று பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள் என்று சொல்வோம். இங்கே தலைகீழ். கள் பானை வாசலிலேயே இறங்கும், வருகிறவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் ரொட்டி வாங்குவார்கள், ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார்கள். கேட்டால் சாப்பிட முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

அப்படிக் கேட்காமல் சாப்பிட்டவர்களில் முதல் ஆள் ரவூப். முத்தலிப்பின் ஊர்க்காரர், சேக்காளி, சிராங்கூன் ரோட்டில் கைலிக் கடை வைத்திருந்தவர். கடையைத் திறப்பதற்கு முன்னால் சந்துக்கு வந்து, அடுப்புத் திட்டில் உட்கார்ந்து, சூடான ரொட்டியைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றால்தான் அவருக்குப் பொழுது விடியும். வருஷக்கணக்காக இது நடந்தது.

பிறகு ரவூபின் அக்கா ஆமினா பீவி கப்பலேறி வந்தார். தம்பி அவரை லாத்தா என்று கூப்பிட்டதால் முத்தலிப்புக்கும் அவர் லாத்தாதான். புருஷன் இறந்து, பிள்ளையும் இல்லாமல், தம்பிக்குச் சோறாக்கிப் போட வந்தவர். பெண்கள் கடல் தாண்டி வருவதே அப்போது அபூர்வம். வந்தவரோ எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் வாயில் வைக்காதவர். இறைச்சி யார் அறுத்தது, எண்ணெய் எங்கே வாங்கியது, பெலாச்சான் என்று மலாய்க்காரி கொடுத்தாளே அந்தக் கட்டி, அதில் இருப்பது வெறும் இறால்தானா என்று தம்பியைத் துளைத்து எடுப்பார். ரவூப் முத்தலிப்பிடம் வந்து, "போலீஸ்காரனுக்குப் பதில் சொல்லிடலாம், லாத்தாவுக்குச் சொல்ல முடியல" என்று சிரிப்பார்.

வந்த வருஷமே லாத்தாவுக்குக் காய்ச்சல் கண்டது. போகும், திரும்ப வரும். கஞ்சி கொடுத்தால் வெளியே வந்தது. வைத்தியர் ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அது வயிற்றில் தங்கியது. தினமும் சூடு ஆறுவதற்குள் முத்தலிப்பே ஒரு ரொட்டியைக் கொண்டுபோய் ரவூபின் வீட்டில் கொடுத்தார். லாத்தா கோஷா, அந்நிய ஆண் முன்னால் வரமாட்டார். உள்ளறை வாசலில் ஒரு திரை தொங்கும், அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் மட்டும் வரும். முத்தலிப் அவர் முகத்தைப் பார்த்ததே கிடையாது.

முதல் ரொட்டியைக் கொண்டுபோன அன்றே அந்தக் குரல் கேட்டது. "தம்பி, இதை என்ன போட்டு உப்ப வைக்கிறீங்க? சிங்கப்பூர் ரொட்டியில கள்ளு ஊத்துறாங்கன்னு ஊர்ல பேசிக்குவாங்க. அதான் கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க."

ரவூப் கடையில் இருந்தார். வீட்டில் வேறு யாரும் பேச்சைக் கேட்கும் தூரத்தில் இல்லை.

"இல்ல லாத்தா" என்றார் முத்தலிப். "வெறும் மாவை வச்சுப் புளிக்க வைக்கிறதுதான். அதுல ஒண்ணும் இல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றது குரல். பிறகு துவா செய்தார். தனக்கு ஏற்ற உணவை ஹலாலாகக் கொண்டுவந்து கொடுக்கும் இந்தப் பிள்ளைக்கு பரக்கத்தைக் கொடு நாயனே என்று, முத்தலிப் காதில் விழும்படி.

லாத்தா சாப்பிட வேண்டுமே, உயிர் பிழைக்க வேண்டுமே, அதற்காகச் சொன்ன பொய்தானே என்று முத்தலிப்புக்காகப் பரிந்து பேசலாம். பாதி அதுதான். மறுபாதி, லாத்தாவுக்குத் தெரிந்தால் பள்ளிக்குத் தெரியும், பள்ளிக்குத் தெரிந்தால் அடுப்பு அணைந்துவிடும் என்ற பயம். இரண்டில் எது முந்திக்கொண்டு வாயைத் திறந்தது என்று அவர் பிறகு எவ்வளவோ யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை. பயம்தான் முந்தியது என்று நான் நினைக்கிறேன். அவரும் உள்ளுக்குள் அப்படித்தான் நினைத்தார்.

அதற்கப்புறம் ஒவ்வொரு ரொட்டிக்கும் ஒரு துவா கிடைத்தது. துவா வாங்கிக்கொண்டு வெயிலில் நடந்து வரும்போது முத்தலிப்புக்கு உடம்பு கூசும். நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பார். நாளைக்கு லாத்தாவுக்குக் கொஞ்சம் தேவலாம் என்று ரவூப் சொல்வார். தேறி வருகிறவரிடம் போய் இதைச் சொல்வதா என்று விட்டுவிடுவார். அடுத்த நாள் காய்ச்சல் கூடியிருக்கும். இந்த நிலைமையில் சொல்வதா என்று விட்டுவிடுவார். சொல்வதற்கு ஏற்ற உடல்நிலை லாத்தாவுக்குக் கடைசி வரைக்கும் வரவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பாலில் நனைத்த ரொட்டி இரண்டு வாய் சாப்பிட்டார், தண்ணீர் கேட்டார், மௌத்தாகிவிட்டார்.

லாத்தாவின் உடலை வைத்த சந்தூக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தவர்களில் முத்தலிப்பும் ஒருவர். இவர் வயிற்றில் கடைசியாகப் போனது என் கையால் கள் ஊற்றிப் பிசைந்தது என்ற நினைப்பைத் தவிர அவர் மனதில் வேறு எதுவும் ஓடவில்லை. எல்லோரும் ஓதினார்கள். அவர் உதடு மட்டும் அசைந்தது.

சில வாரம் கழித்து ரவூப் வந்து அடுப்புத் திட்டில் உட்கார்ந்தார். "நாப்பதாம் பாத்திஹா வருது. நெய்ச்சோறுல்லாம் லாத்தாவுக்கு இஷ்டமில்ல. கடைசியா அவங்க ஆசையாச் சாப்பிட்டது உன் ரொட்டிதான். ஓதி முடிஞ்சதும் வர்றவங்களுக்கு ஆளுக்கு ஒரு ரொட்டியும் பாலும் சீனியும் குடுத்துடுவோம். நீதான் போட்டுத் தரணும்."

முத்தலிப் சரி என்று தலையாட்டினார். வேறு என்ன செய்வார்? ஆனால் அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை. இதுவரைக்கும் நடந்தது தனக்கும் அல்லாஹ்வுக்கும் நடுவில் இருந்த விஷயம். இப்போது அதே கள் ரொட்டியை நடுவில் வைத்துக் குர்ஆன் ஓதி, நன்மையை லாத்தாவின் பேரில் சேர்க்கப் போகிறார்கள். கள் இல்லாமல் ஒரு ரொட்டி, அன்றைக்கு மட்டுமாவது ஒரு சுத்தமான ரொட்டி போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

கள் புளித்துக் காடியாகிவிட்டால் கூடும், ஹலால்தான் என்று ஊரில் லெப்பை சொல்லிக்கொடுத்தது அவருக்கு ஞாபகம் வந்தது. ஒரு சாடியில் கள்ளை ஊற்றி, கண்ணைக் கரிக்கும் அளவுக்குப் புளிக்கவிட்டு, அதைக் கொண்டு மாவு பிசைந்தார். மாவு வைத்த இடத்தில் வைத்தபடி கிடந்தது. இனிப்பு தீர்ந்ததும் அந்தப் பழைய கூட்டம் ஓய்ந்துவிடும். வேறொரு கூட்டம் வந்து சாராயத்தைக் காடியாக்கிவிட்டுப் போகும். அந்தப் புளிப்புக்குள் மாவை ஊதிக் கொடுக்க ஆள் ஏது. தங்கராஜு சாடியை எட்டிப் பார்த்துவிட்டு, "காடிதான் வேணும்னா சொல்லக்கூடாதா பாய்? விக்காம மிஞ்சினது வீட்டுல நெறையக் கெடக்கு, இதுக்காக நான் மரம் ஏறணுமா?" என்றார்.

அடுத்தது கம்போங் கிளாமில் மலாய் வீடுகளில் பெருநாளைக்குச் செய்யும் தாப்பாய். ராகி என்று, நம்ம கேழ்வரகு இல்லை, ஒரு வெள்ளை வில்லையைப் பொடித்துச் சோற்றில் தூவி இலையில் கட்டி வைக்கிறார்கள், சோறு தித்திப்பாக இளகிவிடுகிறது. அந்த வில்லை மாவையும் உப்பவைக்கும் என்று கேள்விப்பட்டு வாங்கி வந்தார். கூடவே கொடுத்த தாப்பாயைப் பிரித்தால் தங்கராஜுவின் பானை வாடை. மார்க்கம் தெரிந்தவர்கள்தான் அதைச் சாப்பிடுகிறார்கள். வேறு நேரமாக இருந்தால் முத்தலிப்பும் ஒரு கை பார்த்திருப்பார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் அல்லவா, மூடி, வில்லையோடு சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கடைசியில் வழி தங்கராஜுவின் வீட்டிலேயே இருந்தது. அவர் மனைவி சரஸ்வதி கண்டாங் கெர்பா மாட்டுப் பட்டிகளின் பக்கம் மாட்டுக்காரர்களுக்குத் தோசை சுட்டு விற்றுக்கொண்டிருந்தார். அவருடைய மாவுச் சட்டி மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, இதுல என்ன ஊத்துற?" என்று கேட்டார் முத்தலிப்.

"என்னத்த ஊத்துறேன் பாய்? அரிசி, உளுந்து, உப்பு. கையால கலக்கி வச்சா காலையில தானா பொங்கிடுது."

"கள்ளு?"

"கள்ளு ஊத்துன தோசையை மாட்டுக்காரன் தின்னா அப்புறம் மாட்டை யாரு மேய்க்கிறது?"

ஒரு கிண்ணம் மாவு வாங்கி வந்தார். அதில் கோதுமை மாவும் தண்ணீரும் சேர்த்தார். புளித்ததும் பாதியைக் கொட்டிவிட்டு மறுபடி புது மாவு கொடுத்தார். பக்கத்தில் இன்னொரு சட்டியில், சும்மா பார்ப்போமே என்று, வெறும் கோதுமை மாவையும் தண்ணீரையும் மட்டும் கலந்து அதற்கும் அப்படியே கொடுத்து வந்தார். பாத்திஹாவுக்கு முந்தைய நாள் இரண்டு சட்டியிலும் குமிழி வந்திருந்தது. ஊதிவிடுகிற அந்தக் கூட்டம் கள்ளில் மட்டும் குடியிருப்பது அல்ல. உளுந்தின் தோலில், கையில், சட்டியில், அவர் தினம் அவிழ்க்கும் மாவு மூட்டையில், எங்கும் இருக்கிறது. சோறு வைத்துக் காத்திருந்தால் தானே வருகிறது.

அந்த இரண்டாவது சட்டியைப் பார்த்தபடி முத்தலிப் வெகுநேரம் நின்றார். வெறும் மாவை வைத்துப் புளிக்க வைப்பதுதான் என்று லாத்தாவிடம் சொன்னாரே, அது நடக்கிற காரியம்தான். அன்றைக்கே செய்திருக்கலாம். பொய் சொல்ல அவசியமே இருந்திருக்காது. இதை முன்னால் செய்து பார்க்காததற்கு ஒரே காரணம், செய்து பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றாததுதான். சந்தில் யாரும் இல்லாத நேரம். திட்டில் உட்கார்ந்து அழுதார்.

அந்த வெறும் மாவுச் சட்டியைக் கொண்டு போட்ட நாற்பதாம் நாள் ரொட்டி சிறுத்து, கறுத்து, கனமாக வந்தது. வழக்கமான ரொட்டி உப்புகிற அளவில் பாதிகூட இல்லை. முத்தலிப் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார் என்பதுதான் வேடிக்கை. சுத்தமானது என்ற ஒரே நினைப்பில் அவருக்கு மற்றது எதுவும் தெரியவில்லை. ஓதி முடிந்தது, ரொட்டி கொடுத்தார்கள். கடித்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சூடான பாலில் நனைத்தவர்களுக்குப் பால் திரிந்து போனது. பக்கத்துக் கடை அப்துல் அலீம், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவர், "என்ன முத்தலிபு, துரைமார் வீட்டுக்கு நல்லதா அனுப்பிட்டு மிச்ச மாவை இங்க போட்டுட்டியா?" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். சிலர் சிரித்தார்கள். பாதிக்கு மேல் ரொட்டி விரித்த பாயிலேயே கிடந்தது.

சாயங்காலம் ரவூப் மிஞ்சிய ரொட்டிகளைக் கூடையில் போட்டுத் தூக்கிக்கொண்டு சந்துக்கு வந்தார். கத்தவில்லை. கூடையைத் திட்டில் வைத்தார்.

"லாத்தாவுக்கு இவ்வளவுதானா முத்தலிபு? தினமும் உனக்கு துவா செஞ்சவங்க."

முத்தலிப் கூடையை ஓரமாக நகர்த்தினார். கஞ்சன், சேக்காளிக்கே கை விரித்தவன் என்று பேர் வாங்கிக்கொண்டு போய்விடலாம். உண்மையைச் சொல்லி ரவூபின் மனதை நோகடிப்பதைவிட அதுவே மேல் என்று நினைத்தார். யோசித்துப் பார்த்தால் அதுவும் சொகுசான எண்ணம்தான். திட்டு வாங்குவது சுலபம், சொல்வதுதான் கஷ்டம்.

ஆனால் ரவூப் அதற்கும் இடம் வைக்கவில்லை. "போனது போகட்டும். நாளைக்கு நல்ல ரொட்டியாப் போட்டுக் குடு. லாத்தா சாப்பிட்டாங்களே, அதே ரொட்டி. பள்ளியில வச்சு அவங்க பேர்ல மறுபடி ஓதச் சொல்றேன்."

"அது வேணாம்" என்றார் முத்தலிப்.

"ஏன்?"

"அதுல கள்ளு இருந்துச்சு ரவூபு. கள்ளு ஊத்தித்தான் உப்ப வைக்கிறது. இதுல இல்ல, அதான் இப்படி வந்திருக்கு."

ரவூப் திட்டில் உட்கார்ந்தார். அடுப்பில் தணல் மட்டும் இருந்தது.

"நான் சாப்பிட்டதுலயும்?"

"எல்லாத்துலயும்."

"பானை வாசல்ல இறங்குறதை நான் பாக்காமலா இருந்தேன்?" என்றார் ரவூப். "நான் கேக்கல. என் கணக்கு வேற." பிறகு குரல் இறங்கி, "லாத்தா? அவங்க கேக்காம எதையும் தொடமாட்டாங்களே" என்றார்.

"கேட்டாங்க."

"என்ன சொன்னே?"

"இல்லைன்னு சொன்னேன். வெறும் மாவுதான்னு சொன்னேன்."

"நம்பினாங்களா?"

"நம்பித்தான் துவா செஞ்சாங்க."

அடி விழும் என்று முத்தலிப் எதிர்பார்த்தார். விழுந்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது. ரவூப் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக ஒரு மூச்சு விட்டார். பாரம் இறக்கி வைத்தவர் விடுகிற மூச்சு அது.

"அப்ப லாத்தா கேட்டுட்டு, நம்பித்தான் சாப்பிட்டிருக்காங்க" என்றார். "அவங்க மேல ஒண்ணும் இல்ல. எல்லாம் உன் மேலதான்."

"ஆமா" என்றார் முத்தலிப். "எல்லாம் என் மேலதான்."

தாம் செய்ததிலேயே கேடு கெட்டது அந்தப் பொய்தான் என்று அதுவரை அவர் நினைத்திருந்தார். லாத்தாவைப் பாவத்திலிருந்து காப்பாற்றியதே அந்தப் பொய்தான் என்று ரவூப் இப்போது சொல்லிவிட்டார். அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால், பசியில் லாத்தா தெரிந்தே ஒரு வாய் தின்றிருக்கவும் கூடும். அந்தப் பொய்க்காகத் தவ்பா செய்து மன்னிப்புக் கேட்பதா, அதைச் சொன்னதற்காக நன்றி சொல்வதா என்று தெரியாமல் முத்தலிப் எத்தனையோ தொழுகையில் கையேந்தி, ஒன்றும் கேட்காமல் கையை இறக்கியிருக்கிறார்.

தங்கராஜுவிடம் கள் வாங்குவதை நிறுத்தினார். பங்களா வாடிக்கை போய்விட்டது. சந்தில் அவருக்குப் புளிச்ச ரொட்டிக்காரர் என்று பேர் விழுந்தது. மாவு கைக்குப் பழகப் பழக ரொட்டியும் சுமாராக உப்ப ஆரம்பித்தது. ரவூப் ஒருநாள்கூட வராமல் இருக்கவில்லை. ஆனால் இப்போது கையை நீட்டுவதற்கு முன்னால், "இதுல என்ன போட்டிருக்கே?" என்று கேட்பார். தினமும் கேட்பார். பதில் வந்த பிறகுதான் வாங்குவார். அன்றைக்குத் திரைக்கு முன்னால் நின்று பொய்யை ஒரே மூச்சில் சொன்ன மனுஷன், அதே 'வெறும் மாவுதான்' உண்மையாகிவிட்ட பிறகு அதைச் சொல்ல ஒவ்வொரு காலையிலும் தடுமாறினார்.